புளியம்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு காட்டுத்தீ

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன்.

சத்தியமங்கலத்திலிருந்து கோயமுத்தூர் போகிற பஸ். முன் சீட்டில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அவர் காக்கி பேன்ட் போட்டிருந்தார். அவள் மடியில் லேப்டாப் பை. நைட் ஷிப்ட் வேலையை விட்டவனுக்குப் பகலில் ஒழுங்காகத் தூக்கமும் வராது, ஒழுங்காக விழிப்பும் வராது. காது மட்டும் வேலை செய்யும். அதனால் கேட்டேன்.

புளியம்பட்டியில் இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். கோயமுத்தூருக்கு டிக்கெட் எடுத்தவர்கள். கதை பாதியில் என் கையில் நின்றுவிட்டது.

பெயர்கள் நான் வைத்தவை. அவர் திருமலைசாமி, வனவர்.* அவள் லாஸ்யா, கோயமுத்தூரில் ஒரு நிறுவனத்தில் காட்டுத்தீ பற்றி ஆராய்ச்சி செய்பவள். எந்த நிறுவனம், எந்த வனச்சரகம் என்று கேட்காதீர்கள். கேட்டாலும் பொய்தான் சொல்வேன்.

* வனவர் என்றால் ரேஞ்சருக்குக் கீழே, காவலர்களுக்கு மேலே. இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் இடம்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன். அடித்ததையும் விட்டுவைக்கிறேன்.

ஒன்று: "காடு எரிந்துகொண்டிருந்தது. நெருப்பு தன் ஆயிரம் நாக்குகளை நீட்டி வானத்தை—"

(வேண்டாம். நெருப்புக்கு நாக்கு இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் யாரும் அதன் பக்கத்தில் நின்றவர்கள் இல்லை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிவது புகைதான். கண் எரியும், மூக்கு ஒழுகும்.)

இரண்டு: "பட்டணத்துப் பெண்ணுக்குக் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. திருமலைசாமி குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி மோந்து பார்த்து—"

(இதுவும் வேண்டாம். நூறு பேர் ஓட்டிய தடம், இந்த வண்டி டிரைவர் இல்லாமலேயே ஓடும். திருமலைசாமி பி.எஸ்சி. தாவரவியல். புல்லை மோந்தால் தும்முவார்.)

மூன்று: "வரைபடத்தில் அந்த இடம்தான் எல்லாவற்றையும் விடச் சிவப்பாக இருந்தது."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

வரைபடத்தில் அந்த இடம்தான் எல்லாவற்றையும் விடச் சிவப்பாக இருந்தது. மலைமேல் ஒரு வளைவு. சுற்றிலும் மஞ்சளும் ஆரஞ்சும், நடுவில் மிளகாய்ப் பழம் நசுங்கிய மாதிரி ஒரு சிவப்பு. அங்கேதான் தீ அதிகம் பிடிக்கிறது என்று அர்த்தம்.

வரைபடம் லாஸ்யாவுடையது, தகவல் திருமலைசாமியுடையது. இரண்டு வருஷமாக இது ஒரு கூட்டு வேலை. எங்கே தீ பிடித்தாலும் திருமலைசாமியின் ஆட்கள் போனில் ஒரு போட்டோ எடுத்து, ஒரு ஆப்பில் ஏற்றி அனுப்புவார்கள். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் லாஸ்யாவின் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தானாக விழும். அந்த வரைபடம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்தே கிடக்கும். (இதை மறந்துவிடாதீர்கள். கடைசியில் தேவைப்படும்.) புள்ளிகள் எங்கே அடர்ந்திருக்கின்றனவோ அங்கே கோடைக்குத் தீக்காவலர்களைப் போடலாம் என்பது ஏற்பாடு.

இந்தக் கோடைக்கு யாரை எங்கே போடுவது என்று முடிவு செய்யக் கோயமுத்தூரில் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். ரேஞ்சருக்கு அதுவரை பொறுமை இல்லை. "விஞ்ஞானமே சொல்லிப்போட்டுது, அப்பறமென்ன?" என்று கிழக்குச் சரிவில் இருந்த தீக்காவலர்களைக் கிளப்பி, அந்தச் சிவப்பு வளைவுக்கே அனுப்பிவிட்டார். கூடவே சருகு ஊதித் தள்ளும் ப்ளோயர்களும் போயின.

கூட்டத்துக்கு முன்னால் அந்த இடத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று லாஸ்யா வந்தாள். ஜீப்பை நசுருதீன் ஓட்டினான்.

"ஏனுங் மேடம், ரெண்டு வருசமா இந்தக் காட்டப் பத்தி எழுதறீங், இப்பத்தா மொதத்தடவ மேல வாரீங்களா?"

"கீழ ஆபீஸுக்கு வந்துட்டுத்தானே இருக்கேன், நசுருதீன்."

"ஆபீஸுல எங்கீங் தீ? ரேஞ்சர் மூஞ்சியில மட்டுந்தா."

"ரோட்டப் பாத்து ஓட்டுப்பா," என்றார் திருமலைசாமி. ஆனால் சிரித்தார்.

4

ஜீப் வளைவில் நின்றது.

பாறை. வழுக்கையான, பெரிய, கறுத்த பாறை. அதன்மேல் ஒரு புல்கூட இல்லை. எரிய வேண்டுமென்றால் நசுருதீனின் பீடிதான் எரிய வேண்டும். தீக்காவலர்கள் நான்கைந்து பேர் ப்ளோயர்களை நிழலில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் போன்.

ஜீப் நின்ற மறுகணம் லாஸ்யாவின் போன் டிங் என்றது. திருமலைசாமியின் போன் டிங் டிங் என்றது. நசுருதீனின் போனில் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னாள்.

"இது என்ன இடம்ண்ணா?" என்றாள் லாஸ்யா.

"டவர் பாறைங்."

"இங்க டவர் இருக்கா?"

"டவர் இல்லீங், டவர் கெடைக்கும். மலைமேல வேற எங்கயும் சிக்னல் இல்லீங் மேடம். ஊட்டுக்குப் பேசறதுன்னாலும் இங்கதான், உங்குளுக்கு ரிப்போர்ட் அனுப்பறதுன்னாலும் இங்கதான். எங்க எரிஞ்சாலும் போட்டோ எடுத்துக்கிட்டு இங்க வந்துதான் பட்டன அமுக்குவோம்."

லாஸ்யா பாறையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடியும் பாறையைப் பார்த்தாள்.

"அட ராமா," என்றாள்.

"என்னுங்?"

"இந்த ஆப், போட்டோ எடுத்த இடத்தப் போடலீங்ண்ணா. பட்டன் அமுக்கின இடத்தப் போட்டிருக்கு."

திருமலைசாமிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார். முந்திக்கொண்டது நசுருதீன்தான்.

"அப்ப ரெண்டு வருசமா இந்தப் பாறதான் எரிஞ்சிட்டு இருந்துச்சுங்களா? என்ன கெரகம் சார் இது! அதுதான் உக்காந்தா சுடுது."

5

இங்கே கதையை நிறுத்துகிறேன். உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். இரண்டு வருஷமாக ஒருத்தருக்குமா தோன்றவில்லை?

தோன்றியது. அதுதான் விஷயமே.

போன வருஷக் கூட்டத்தில் சுவர் முழுக்க அந்த வரைபடத்தைப் போட்டார்கள். டவர் பாறைமேல் சிவப்பைப் பார்த்ததும் திருமலைசாமிக்கு உறுத்தியது. ஆனால், 'படிச்சவங்க, சாட்டிலைட் கீட்டிலைட் வெச்சுப் பாத்திருப்பாங்க, பாறச் சூட்டையும் சேத்துக் கணக்குப் போட்டிருப்பாங்க, நாம என்னத்தக் கேக்கறது' என்று விட்டுவிட்டார். லாஸ்யாவுக்கும் உறுத்தியது. அவளிடம் இருந்த தாவரப் படத்தில் அந்த இடம் வெறும் கல் என்றே இருந்தது. 'அண்ணா ஆளுங்க நேர்ல பாத்து அனுப்பறாங்க, நம்ம படந்தான் பழசா இருக்கும்' என்று அவளும் விட்டுவிட்டாள். கூட்டம் முடிந்து எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "நல்லா வந்திருக்குதுங் மேடம்." "எல்லாம் உங்க உதவிதாங்ண்ணா."

வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருத்தர் எழுந்து, "என்னய்யா படம் இது, பாறை எப்படி எரியும்?" என்று கேட்டிருப்பார். இங்கே கேட்கமாட்டார்கள். கேட்டால் மேடம் சங்கடப்படுவாங்க, அண்ணா வருத்தப்படுவாரு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அவ்வளவு மதித்தார்கள். அந்த மதிப்பில்தான் பாறைக்குக் காவல் போட்டார்கள்.

(இந்தப் பத்தியை வெட்டச் சொல்லி ஒரு நண்பன் சொன்னான். கட்டுரை மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டும்.)

இன்னொன்று. இதெல்லாம் நடந்தது மலைமேல். நான் எழுதுவது கோயமுத்தூர் கணபதியில் ஒரு மாடி அறையில், கீழே லேத் பட்டறை சத்தத்தில். நசுருதீனை நான் பார்த்ததே இல்லை, அவன் பேச்செல்லாம் என் பேச்சு. பட்டனை அமுக்குகிற இடத்தில்தான் புள்ளி விழும் என்றால் இந்தக் கதையின் புள்ளி என் அறையில்தான் விழும். தெரிந்தே படியுங்கள்.

6

சரி, எங்கே விட்டோம்? பாறையில்.

இதுவரைக்கும் இது தமாஷ் கதை. ஆப்பைத் திருத்திவிட்டு, காவலை மாற்றிவிட்டு, எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போகலாம். டீ குடிக்கத்தான் போனார்கள். அங்கேதான் கெட்டது.

அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் லாஸ்யா லேப்டாப்பைத் திறந்தாள். "போட்டோ எல்லாம் அப்படியே இருக்குங்ண்ணா. சிக்னல் இல்லாட்டியும் எடுத்த இடம் போட்டோவுக்குள்ளயே பதிவாகியிருக்கும். நாங்கதான் தொறந்து பாக்கல." ஒவ்வொன்றாக எடுத்து வரைபடத்தில் போட்டாள். டவர் பாறையிலிருந்து புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. எல்லாம் ஒரே பக்கமாகப் போயின. கிழக்குச் சரிவு. அங்கே ஒரு நூல் பிடித்த மாதிரி வரிசையாக உட்கார்ந்தன.

அந்த நூலைத் திருமலைசாமிக்குத் தெரியும். அவர் போட்ட நூல்.

ஒவ்வொரு தை மாதமும் கிழக்குச் சரிவில் அகலமான ஒரு பட்டைக்குப் புல்லை வெட்டி, அந்தப் பட்டையைத் தாங்களே எரித்துக் கருக்குவார்கள். பின்னால் காட்டுத்தீ வந்தால் அந்தக் கருகிய பட்டையில் தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். அதற்குப் பெயர் தீத்தடுப்புக் கோடு. இந்த வட்டாரத்தில் திருமலைசாமி போடுகிற கோடு மாதிரி யாரும் போடுவதில்லை என்று ரேஞ்சர்கள் மாறி மாறிச் சொல்லியிருக்கிறார்கள். அதை எரித்து, நெருப்பு அணைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த சரிவுக்குப் போய்விடுவார். போனால்தான் மாசி பிறப்பதற்குள் எல்லாச் சரிவும் முடியும்.

"தேதியும் இருக்குங்ண்ணா," என்றாள் லாஸ்யா. குரலைத் தாழ்த்தினாள். "நீங்க கோடு எரிச்சு ரெண்டு மூணு நாள்லதான் ஒவ்வொண்ணும் பிடிச்சிருக்கு. வேர்க்கட்டைக்குள்ள கங்கு இருந்திருக்கும். காத்து வந்ததும்—"

"அது மாட்டுக்காரங்க பீடிங்."

"சரிங்ண்ணா."

"மாட்டுக்காரங்கதானுங். நான் ரிப்போர்ட்லயே எழுதியிருக்கறனுங்."

லாஸ்யா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "மாட்டுக்காரங்க எல்லாரும் வரிசையா வந்து, கரெக்டா உங்க கோட்டு ஓரமா நின்னுதான் பீடி குடிச்சாங்களாண்ணா?"

நசுருதீன் டீ கிளாஸைக் கழுவக் கடைக்காரரிடம் போய்விட்டான். அவனாகக் கிளாஸ் கழுவி யாரும் பார்த்ததில்லை.

போன வருஷம் அந்தச் சரிவில் பிடித்த தீக்குச் செங்கோட்டையன் என்ற மாட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டது திருமலைசாமிதான். வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த ஆள் இன்னும் வாய்தாவுக்குச் சத்தியமங்கலம் வந்துபோகிறார்.

7

இப்போது எனக்கு ஒரு கஷ்டம். திருமலைசாமியை எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்த ஆளைக் கதையில் காப்பாற்றக் கை துறுதுறுக்கும். 'பாவம், அவருக்கு எப்படித் தெரியும்' என்று ஒரு வரி—

எழுதமாட்டேன். கங்கு கட்டைக்குள் கிடக்கும் என்பது காட்டு இலாகாவில் யாருக்குத் தெரியாது? நின்று பார்க்க ஆளும் நேரமும் இல்லை என்பதும் உண்மைதான். இரண்டையும் எழுதுகிறேன். நீங்களே எடைபோடுங்கள்.

லாஸ்யாவையும் சும்மா விடக்கூடாது. தப்பான புள்ளிகளை வைத்து அவள் எழுதிய கட்டுரை வெளியாகி, நாலு பேர் பாராட்டி, அதைப் பார்த்துத்தான் வேறு மலைக்காரர்களும் இதே ஆப்பைக் கேட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் புதுப் படத்தைக் காட்டினால் அவளுடைய இரண்டு வருஷம் போச்சு. காட்டாவிட்டால் தீக்காவலர்கள் கோடை முழுக்கப் பாறைமேல் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருப்பார்கள், கிழக்குச் சரிவு எரியும், செங்கோட்டையன் பஸ் ஏறி வந்துகொண்டே இருப்பார்.

ஆக, வாயை மூடிக்கொள்ள இரண்டு பேருக்கும் காரணம் இருந்தது. கூட்டு முயற்சி என்று சொல்ல இப்போதுதான் சரியாகப் பொருந்துகிறது.

8

பஸ்ஸுக்கு வருகிறேன். இது நான் காதால் கேட்டது.

கூட்டத்துக்குப் போகிற நாள். ஜீப் மேலே வேலையாக இருந்ததால் பஸ். சத்தி தாண்டியதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"ரெண்டு படமும் கொண்டாந்திருக்கறீங்களா?"

"ரெண்டும் இருக்குங்ண்ணா. எதக் காட்டறதுன்னு நீங்க சொல்லுங்க."

"நான் எப்படிங் சொல்றது? படம் உங்குளுது."

"கோடு உங்களுது."

"மறுக்கா மறுக்கா அதையே சொல்லாதீங் அம்மணி."

'மேடம்' எப்போது 'அம்மணி' ஆனது என்று தெரியவில்லை. திட்டும்போது ஆகியிருக்கலாம்.

"நீங்களே எந்திரிச்சுச் சொன்னா மரியாதையா இருக்கும்ங்ண்ணா. நான் சொன்னா மாட்டிவிட்ட மாதிரி ஆயிரும்."

"நீங்க சொல்லுங், நான் இல்லைன்னு சொல்லமாட்டன்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"அவ்வளவுதானுங் என்னால முடியும்."

புளியம்பட்டி வரும்போது அவர் போன் அடித்தது. நசுருதீன். கத்திப் பேசுகிற ஆள் போலிருக்கிறது, எனக்கே கேட்டது. (ஆமாம், அவன் பேச்செல்லாம் என்னுடையது என்றேன். இந்த ஒன்று மட்டும் அவனுடையது.)

"சார், கெழக்கால பொகைங் சார். கோட்டு ஓரமா. பாற மேல இருந்து நெம்ப நல்லாத் தெரியுதுங். ஆளுக இங்கிருந்து எறங்கிப் போறதுக்குள்ள பாதிச் சரிவு போயிரும்ங். போட்டோ எட்டத்துல இருந்துதான் எடுத்திருக்கறன், உங்குளுக்கு அனுப்பிப்போட்டன். என் போன்ல அந்த ஆப் இல்லீங், நீங்க ரிப்போர்ட்டு போட்டுருங்."

பஸ் நின்றது. அவர் எழுந்து இறங்கினார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெட்கமில்லாமல் தலையை நீட்டியே பார்த்தேன்.

ஸ்டாண்டில் எதிர்ப்பக்கம் சத்தியமங்கலத்துக்குத் திரும்பும் பஸ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் எங்கள் பஸ். இரண்டுக்கும் நடுவில், ஒரு கொய்யாப்பழ வண்டி பக்கத்தில், இருவரும் நின்றார்கள். அவர் போனில் அந்த ஆப்பைத் திறந்து, நசுருதீன் அனுப்பிய போட்டோவை ஏற்றினார்.

"இங்க இருந்து அனுப்பாதீங்ண்ணா!" அவள் கத்தினாள். "ஆப் இன்னும் திருத்தல. புள்ளி புளியம்பட்டி பஸ் ஸ்டாண்டுல விழும்!"

அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். கொய்யாப்பழ வண்டி, சத்தி பஸ், எங்கள் பஸ், என் தலை. என் தலையைப் பார்த்துச் சிரித்தார் என்று எழுத ஆசை. பார்த்தார், அவ்வளவுதான்.

"கூட்டத்துல அந்தப் படத்தச் சொவத்துல போடுவாங்கதானுங்?"

"போடுவாங்க. முன்னாடியே போட்டுத்தான் வெச்சிருப்பாங்க."

"பஸ் ஸ்டாண்டுல காட்டுத்தீன்னு விழுந்தா என்ன கேப்பாங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எல்லாத்தையும் கேப்பாங்கண்ணா. அப்ப மத்த புள்ளியெல்லாம் நெசத்துல எங்க எரிஞ்சதுன்னு கேப்பாங்க."

"அப்பறம் யாரும் யாரையும் மாட்டிவிட வேண்டியதில்லீங்."

அவர் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. அவள் தடுக்கவில்லை. எங்கள் கண்டக்டர் விசிலடித்தார்.

9

முடிவு அ: அமுக்கினார். கோயமுத்தூரில் சுவரில் புளியம்பட்டி சிவந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தர் சிரிப்பை நிறுத்திவிட்டு—

முடிவு ஆ: அமுக்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு சத்தி பஸ்ஸில் ஏறினார். அவள் அடுத்த பஸ்ஸில் கோயமுத்தூர் போய்ப் பழைய படத்தைக் காட்டினாள். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து போட்டோ எடுத்தபோது ஒரு ஆள் குறைந்தது.

முடிவு இ: அவள் போனைப் பிடுங்கி அவளே—

(இல்லை. பிடுங்கமாட்டாள். அண்ணா வருத்தப்படுவாரு.)

எழுதிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை. நான் பார்த்தது கட்டைவிரல் வரைக்கும்தான். பஸ் திரும்பிவிட்டது. ஒரு சிமெண்ட் லாரி வந்து மறைத்துக்கொண்டது.

அந்த வரைபடம் திறந்தே கிடக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அன்று பஸ்ஸிலேயே போனை எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அன்னூர் தாண்டும்போது ஒருமுறை போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். இன்றைக்கும் பார்க்கவில்லை. புளியம்பட்டியில் புள்ளி இல்லையென்றால் திருமலைசாமியோடு நான் கதையில் மலையேறியதெல்லாம் வீண். இருந்தால் அவருக்கு வேலை போயிருக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு ஒருநாள் கெடும்.

உங்களுக்கு அவரோடு அப்படியொன்றும் ஒட்டு உறவு இல்லை. செங்கோட்டையனோடும் இல்லை. நீங்கள் பாருங்கள். புளியம்பட்டியில் பஸ் ஸ்டாண்ட் எங்கே இருக்கிறது என்று தெரியும்தானே? கொய்யாப்பழ வண்டிக்குப் பக்கத்தில்.

பார்த்துவிட்டு என்னிடம் சொல்ல வேண்டாம்.